மத்தினியோன் கையெழுத்தும் புதுவைக் குண்டுகளும்

தேசம் முழுவதற்குமாக முதலாளிகளும் சங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டால் தொழிலாளிக்கு அதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? பிரான்ஸ் தொழிலாளர்கள் 1936-இல் பெற்ற அனுபவத்தை நமது ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர்களும் அறிந்திருப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

அவ்வாண்டுத் தேர்தலில் மக்கள் முன்னணி வென்றது. லெயோன் ப்ளூம் பிரதமராகப் பதவியேற்கும் வரை தொழிலாளர்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. மே மாதமே லெ ஹாவ்ர் நகரின் விமானத் தொழிற்சாலையில் மூண்ட வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவிற்று. சுமார் இருபது லட்சம் பேர் வேலையை நிறுத்தினர். பல்லாயிரம் ஆலைகளில் அவர்கள் வெளியேறவேயில்லை. இயந்திரங்களின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டனர். கருங்காலிகளைக் கொண்டு ஆலையை ஓட்டும் பழைய தந்திரம் பலிக்கவில்லை. பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று முதலாளிகளே சர்க்காரிடம் ஓடினார்கள்!

ஜூன் 7 இரவு, பிரதமரின் மத்தினியோன் மாளிகையில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சம்பளம் 7 முதல் 15 சதவீதம் வரை உயர்ந்தது. குறைந்த சம்பளக்காரருக்கே அதிக உயர்வு. சங்கம் சேரும் உரிமையும், பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் தொழிலாளர் பிரதிநிதிகளும் ஒப்புக்கொள்ளப்பட்டனர். அம்மாதமே வாரத்திற்கு 40 மணி வேலை, சம்பளத்துடன் 15 நாள் விடுமுறை ஆகிய சட்டங்களும் வந்தன. சில ஆலைகளின் சொற்பக் கூலியைச் சங்கத்தார் எடுத்துக் காட்டியபோது முதலாளிகளின் பிரதிநிதிகளே திகைத்தார்கள் என்று ப்ளூம் பிற்பாடு கூறினார். லாபக் கணக்கைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கூலிக் கணக்கு மட்டும் கண்ணில் படாமல் போனது விந்தைதான்!

ஆனால் மேஜையில் இருந்தவை தொழிலும் வியாபாரமும் மட்டுமே. பாரிஸைச் சுற்றியிருந்த பெரும் பண்ணைகளின் கூலியாட்களும் அந்தக் கோடையில் போராடினார்கள். எனினும் 40 மணிச் சட்டம் வயலுக்குப் பொருந்தவில்லை.

கடல் கடந்தும் அது வரவில்லை. மத்தினியோனில் மை காய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 30 அன்று, அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரியில், வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பன்னிரண்டு பேர் மாண்டனர். பாரிஸில் கையெழுத்தான உரிமையையே இவர்களும் கேட்டார்கள். தோழர் வ. சுப்பையா போன்றோர் தலைமையில் அவர்கள் விடாது போராடிய பின்னரே, 1937-இல் பிரெஞ்சிந்தியாவுக்கென்று தொழிலாளர் சட்டம் வந்தது.

பிரான்சிலும் வெற்றி நிலைக்கவில்லை. 1938 நவம்பரில் தலதியே சர்க்கார் அவசரச் சட்டங்களால் 40 மணி வாரத்தை உடைத்தது. நவம்பர் 30-ஆம் தேதி பொது வேலைநிறுத்தம் தோற்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையிலிருந்து விரட்டப்பட்டனர். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் ஆலைகளில் உட்கார்ந்த ஒற்றுமை அப்போது கலைந்திருந்தது. முதலாளிகள் அதை அறிந்தே அடித்தார்கள்.

உங்கள் தொழிலில் ஒப்பந்தம் பேசப்படும்போது, கான்ட்ராக்ட் தொழிலாளியும் பண்ணைக் கூலியாளும் அதில் எந்த ஷரத்தின் கீழ் வருகிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.