துயரத்தினின்று பிறக்கும் ஆராய்ச்சி நிதி

இரத்தப் புற்றுநோய்க்குத் தம் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர், அக்குழந்தைக்கு இனி எவ்வகையிலும் பயன்படாத ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டுவது தக்கதாகுமா? அப்பணத்தை இன்று நோயுற்றுக் கிடக்கும் மற்றொரு குழந்தையின் சிகிச்சைக்கு அளிப்பதன்றோ மேல் எனப் பலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் இந்நோயின் வரலாறு வேறு விடை கூறுகிறது.

இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள மிடில்ஸ்பரோ நகரைச் சேர்ந்த ஈஸ்ட்வுட் குடும்பத்தினர் தம் ஆறு வயது மகளை இந்நோய்க்கு இழந்தனர். அந்நாளில் இந்நோய் கண்ட குழந்தை பிழைப்பது மிக அரிது. 1960 ஆம் ஆண்டில் அக்குடும்பத்தினர் ஆராய்ச்சிக்கெனப் பொருள் திரட்டத் தொடங்கினர். அம்முயற்சி லுகீமியா ஆராய்ச்சி நிதியாக வளர்ந்தது. 2020 முதல் பிளட் கேன்சர் யுகே என்னும் பெயர் பூண்டது. இதற்கு முன்னரே, 1944 இல் பதினாறு வயது மகனை இழந்த டி வில்லியர்ஸ் தம்பதியர், 1949 இல் நியூயார்க்கில் இத்தகைய அமைப்பொன்றை நிறுவியிருந்தனர்.

இத்தகைய நிதிக்குப் பொறுமை இன்றியமையாதது. 1948 இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தைப் பதினாறு குழந்தைகளுக்கு அளித்ததன் முடிவுகளை வெளியிட்டார். பத்துக் குழந்தைகளிடம் நோய் தணிந்தது. ஆனால் அத்தணிவு நிலைக்கவில்லை. சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழுவினர் உருவாக்கிய மருந்து அது. உடனடிப் பயனை மட்டுமே கருதுவோர் அன்றே அம்முயற்சியைத் தோல்வி என்று தள்ளியிருப்பர். அவ்வாறு தள்ளாமல், மருந்துகள் பலவற்றைச் சேர்த்தளிக்கும் முறையைப் படிப்படியாகக் கண்டறிந்தமையாலேயே, வளம் மிக்க நாடுகளில் குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகையில் இன்று பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் உயிர் பிழைக்கின்றனர்.

பெரியவர்களைப் பெரிதும் தாக்கும் நாட்பட்ட வகையொன்றும் இதற்குச் சான்று. அந்நோயாளரின் அணுக்களில் இயல்புக்கு மாறான சிறு குரோமோசோம் ஒன்று இருப்பது பிலடெல்பியாவில் 1960 இல் கண்டறியப்பட்டது. அதன் விளைவைத் தடுக்கும் இமாடினிப் மருந்துக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது 2001 இல். இடைப்பட்டவை 41 ஆண்டுகள். அத்தனை காலமும் ஆராய்ச்சியைத் தாங்கி நிற்க அரசின் பொருளும் வேண்டும். பயனைத் தாம் காண்பதற்கில்லை என்றறிந்தும் ஈவோரின் பொருளும் வேண்டும்.

எனினும் துயரம் ஒன்றே தகுதியாகிவிடாது. சிகிச்சைக்குத் திரட்டும் பணமும் ஆராய்ச்சிக்குத் திரட்டும் பணமும் வெவ்வேறு கணக்கில் இருத்தல் வேண்டும். எந்த ஆராய்ச்சிக்கு உதவுவது என்பதைக் குடும்பத்தின் ஆவல் அன்று, துறை வல்லுநரின் ஆய்வே தீர்மானிக்க வேண்டும். வரவும் செலவும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொதுமக்களின் நம்பிக்கை குலையும். குலைந்த நம்பிக்கையால் கெடுவது அடுத்த குடும்பத்தின் முயற்சியே.

இவ்விடத்தில் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. பள்ளியிலோ ஊரிலோ ஒரு குழந்தையின் பெயரால் உண்டியல் வைக்கப்படும்போது, அப்பணம் இக்குழந்தையின் மருந்துக்கா, இனி வருங்குழந்தைகளுக்கான ஆராய்ச்சிக்கா என்பதைத் தெளிவுபடுத்தச் செய்தல் வேண்டும். முன்னது இன்றைய கடன். அதைக் குறைத்துப் பின்னதைச் செய்தல் முறையன்று. ஆனால் பின்னதைப் பயனற்றது என்று இகழ்வதும் முறையன்று. தென்னை வைத்தவன் அதன் காயை உண்பான், பனை வைத்தவனோ மரத்தைப் பார்த்துச் செல்வான் என்பர் கிராமத்தார். அவ்வாறறிந்தும் பனை நட்டவர் இருந்தமையாலேயே இன்று நுங்கு கிடைக்கிறது.