புயலில் சாய்ந்த பலா, லூவர் கதவுக்கு ஆகுமா?

''பாகூர் பக்கம் விவசாயம் செய்கிறோம். புதுச்சேரி நகரத்தில் மாமனார் வழியில் வந்த பழைய மாடி வீடு இருக்கிறது. மாடியில் காற்று வருவதற்காகச் சாய்வாகப் பலகை அடித்த லூவர் கதவுகள் கெட்டுப்போய்விட்டன. அதே அளவில் புதிதாகச் செய்ய வேண்டும். எங்கள் வரப்பில் 14 வயது தேக்கு நான்கு நிற்கிறது. ஃபெஞ்சல் புயலில் சாய்ந்த பலா மரம், அறுக்காமல் கொட்டகையில் கிடக்கிறது. தச்சர், 'தேக்கை வெட்டுங்கள், தை மாதத்துக்குள் மாட்டிவிடலாம்' என்கிறார். வெட்டலாமா?''

- பாகூரிலிருந்து ஒரு வாசகி.

தேக்கை இப்போது வெட்ட வேண்டாம். முதலில் அந்தப் பலாவை அறுத்துப் பாருங்கள்.

புதுச்சேரியில் கீழே திண்ணை, தாழ்வாரம் என்று தமிழ் முறையிலும், மாடியில் லூவர் கதவு, ஜன்னல் என்று பிரெஞ்சு முறையிலும் கட்டிய வீடுகள் நிறைய உண்டு. வைசியாள் வீதி என்கிற கல்வே சுப்பராய செட்டி வீதியில் இப்படிப்பட்ட வீடுகளைப் புதுப்பித்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அழகுக்காக மட்டும் வைத்த கதவு அல்ல அது. வெயிலையும் தெருப்பார்வையையும் மறைத்து, கடல்காற்றை மட்டும் உள்ளே விடும்.

சாதாரணக் கதவுக்கு மரம் உறுதியாக இருந்தால் போதும். லூவர் கதவுக்கு அது போதாது. ஏழு அடி உயரக் கதவில் ஒரு பக்கத்துக்கே நாற்பதுக்கு மேல் சாய்பலகைகள் வரும். ஒவ்வொன்றும் அரை அங்குல கனம்தான். இரண்டு முனைகளில் மட்டும் நிற்கிறது. ஐப்பசி மழையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும்; அக்னி நட்சத்திரத்தில் காய்ந்து சுருங்கும். நாலைந்து பலகை முறுக்கிக்கொண்டாலும், மொத்தத்தையும் தூக்கி இறக்கும் குச்சி நகராது. ஆகவே, எது அதிகம் அசையாத மரம் என்பதுதான் கேள்வி. விலை உயர்ந்த மரமா, கனமான மரமா என்பதெல்லாம் அடுத்துத்தான்.

தேக்கு இதில் முதல் வரிசையில் நிற்கும் மரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அந்தப் பெயர் வைரம் பாய்ந்த தேக்குக்குத்தான். 14 வயதில் வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதி அதிகம். அதில் வண்டு துளைக்கும். நடுவில் உள்ள இளம் மரமும் முறுக்க வாய்ப்பு உண்டு. நடுச்சுற்றளவு இரண்டரை அடி, நீளம் 10 அடி என்றால், கால் சுற்றளவுக் கணக்கில் (சுற்றளவில் கால் பங்கு ஏழரை அங்குலம், ஏழரையை ஏழரையால் பெருக்கி, 144-ஆல் வகுத்து, நீள அடியால் பெருக்க வேண்டும்) ஒரு மரத்தில் 4 கன அடிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். வெள்ளையைக் கழித்தால் பாதி கூடத் தேறாது. ஏழுக்கு மூன்றரை அடி இரட்டைக் கதவுக்கு இழைப்புக் கழிவு சேர்த்துச் சுமார் 4 கன அடி அறுத்த மரம் வேண்டும். அப்படியானால், ஒரே கதவுக்கு இரண்டு மூன்று மரம் போய்விடும். தேக்குக்குச் சுற்றளவு கூடக் கூட, கன அடி விலையும் கூடும். இன்னும் பத்து வருடம் நின்றால் அது உங்கள் பிள்ளைகளுக்குச் சேமிப்பு.

பலாவை லேசாக நினைக்க வேண்டாம். தஞ்சாவூர் வீணை செய்பவர்கள் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைத்தான் தேடி வாங்குகிறார்கள். நன்றாகக் காய்ந்த பலாவின் மஞ்சள் வைரம் அதிகம் அசையாது, கரையானும் எளிதில் தொடாது, உளிக்கும் இணக்கமானது. நாளடைவில் நிறம் பழுப்பாக மாறும், அது குறையல்ல.

கொட்டகையில் கிடக்கும் மரத்தின் மரப்பட்டையை உரித்துவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பகுதியில் துளையும் மாவும் இருந்தால் பயம் இல்லை, அது எப்படியும் கழிவுதான். வைரத்துக்குள் துளை போயிருந்தால், நெடுக வெடித்திருந்தால், வேறு மரம் பார்க்க வேண்டியதுதான். நடுச்சுற்றளவு 5 அடி, நீளம் 8 அடி இருந்தால் பன்னிரண்டரை கன அடி கணக்கு வரும். பாதி தேறினாலே ஒரு கதவு போக மிச்சம் இருக்கும்.

அறுவை மில்லில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பலகையின் முனையைப் பார்த்தால், வளையக் கோடுகள் படுத்திருக்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். வளையத்தின் போக்கில் மரம் சுருங்கும் அளவில், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் ஏறக்குறைய பாதிதான் சுருங்கும். இப்படி அறுத்தால் சேதாரம் கூடும் என்று மில்காரர் முகம் சுளிக்கலாம். சாய்பலகைக்கான மரத்தையாவது அப்படி அறுத்து வாங்குங்கள். எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்க மில்லுக்கு ஏற்றுவதாக இருந்தால், வண்டி பிடிக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தச்சர் சொல்லும் தை மாதக் கெடுதான் இதில் பெரிய ஆபத்து. பச்சை மரத்தில் செய்த லூவர் கதவு, முதல் கோடையிலேயே பல் இளிக்கும். ஒரு அங்குலப் பலகை நிழலில் காய ஆறு மாதமாவது கொடுங்கள். தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர் வைத்து அடுக்கி, முனைகளில் பெயின்ட் பூசுங்கள். ஒரு துண்டை மட்டும் தனியாக எடுத்து, பத்து நாளுக்கு ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அவசரம் என்றால், சூடேற்றி உலர்த்தும் சீசனிங் பிளான்ட்டில் கொடுக்கலாம். ஈரம் 12 சதவிகிதம் அளவுக்கு வந்ததா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மற்ற மரங்களில் பூவரசு கடலோரத்துக்கு நல்லது. நேரான நீளம் கிடைக்காது என்று ஒதுக்குவார்கள். சாய்பலகைக்கு ஒன்றேகால் அடித் துண்டு போதுமே! வைரம் முற்றிய மகோகனியும் அசையாது. வேங்கை உறுதிதான், ஆனால் கனம். மழையில் சாயம் இறங்கிச் சுண்ணாம்புச் சுவரைக் கறையாக்கும். வேம்பு நிலைக்கு ஆகும், நார் ஓட்டம் பின்னிக் கிடப்பதால் மெல்லிய பலகைக்கு வேண்டாம். மா, தூங்குமூஞ்சி, மலைவேம்பு மூன்றும் இந்த வேலைக்கு இல்லை.

இரும்பு ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்து மரத்தையும் கறுக்க வைக்கும். பித்தளை அல்லது எவர்சில்வர் திருகுதான் போட வேண்டும். சாய்பலகையைப் பசை வைத்து ஒட்டாமல், முனையில் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்கள். எண்ணெயோ பெயின்ட்டோ, கோப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் பூசிவிட வேண்டும்.

கழற்றிய பழைய கதவை விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கால வீடுகளில் பர்மா தேக்கு சகஜம். பெயின்ட்டைச் சுரண்டி, சட்டத்தில் உளியை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்காமல் நின்றால் சட்டம் நன்றாக இருக்கிறது. சாய்பலகையை மட்டும் பலாவில் மாற்றினால் போதும், செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். தெருவைப் பார்த்த கதவு என்றால், புதுச்சேரியில் உள்ள இன்டாக் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதன் பிறகு தச்சருக்கு முன்பணம் கொடுங்கள்.