தற்கொலையும் சைவ நூற்றுணிபும்

தன்னுயிர் மாய்த்தாரைப் பற்றித் தாம்பரஞ் சூழ்ந்த ஊர்களிலும் இரண்டு பொய்யுரைகள் வழங்குகின்றன. அன்பு மிகுதியால் உயிர்விடுதல் வீடு தரும், பெரியபுராணமே சான்று என்பது ஒன்று. அங்ஙனம் இறந்தார் என்றும் பேயாய்த் திரிவர், அவர்க்குக் கடன் செய்தலாகாது என்பது மற்றொன்று. இரண்டும் சித்தாந்தத்துக்கு மாறு.

முன்னதனை மறுக்க அயற்செல்ல வேண்டா. அண்மையிலுள்ள குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிற் பாடிய அந்நூலே மறுக்கும். அரிவாட்டாயரும் கலியரும் தொண்டு முட்டியபோது உயிர்விடத் துணிந்தனர். இறைவனோ கையைப் பற்றித் தடுத்தான். உயிர்நீத்த அடியார் சிலர்க்கும் பேறளித்தது அன்பே, சாவன்று. தடுத்த கையைக் காணாது துணிந்த கையையே காண்பது என்ன புலமை?

தனு கரண புவன போகங்கள் மலந் தேய இறைவன் தந்தவை. உடல் வீழினும் வினை வீழாது. உயிர் வேறுடலில் அதனை நுகரும். ஆதலின் தற்கொலை வீடாகாது. மீளா நரகமும் ஆகாது. மீண்டும் உடல் தருவான் எவ்வுயிரையுங் கைவிடான்.

2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் உயிர்விட முயன்றாரைக் கடுந்துயருற்றாரெனக் கொண்டு தண்டியாது விடுகின்றது. சட்டத்துக்குள்ள இரக்கம் அடியார்க்கு இல்லையா? இழவு வீட்டு வாயிலில் நரகம் பேசற்க. நீத்தார் கடனுக்கு உடனிருமின். வாழ்வு வெறுத்தார் கையைக் காலத்தே பற்றுமின்; அதுவே இறைவன் செய்து காட்டிய தொண்டு.