இடுப்பைப் பூட்டாதீர்கள்

கோல்ஃப் என்றதும் "நமக்கு எதுக்குவே அதெல்லாம்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. கொடைக்கானலில் 1895 முதல் கோல்ஃப் சங்கம் இருக்கிறது. சென்னையில் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள்ளேயே ஆடியிருக்கிறார்கள். அதை விடுங்கள். கீழப்பாவூர், பாவூர்சத்திரம் பக்கத்துப் பெரியவர்களில் எத்தனை பேர் அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறோம்! சனிக்கிழமையானால் மகனோ மருமகனோ காரில் ஏற்றிக்கொண்டுபோய், ஒரு கூடைப் பந்தையும் ஒரு மட்டையையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அன்று ராத்திரி முதுகுக்குத் தைலம். என் சண்டை அந்தத் தைலத்துக்குக் காரணமானவர்களோடு.

"அங்கிள், இடுப்பை அசைக்காதீங்க, தோளை மட்டும் திருப்புங்க." யூடியூபிலும் இதுதான், பயிற்சிக் கூடத்திலும் இதுதான். தோள் 90 பாகை, இடுப்பு 45 பாகை திரும்பவேண்டும் என்பது பழைய கணக்கு. 1992இல் ஜிம் மக்லீன் என்ற பயிற்சியாளர் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 'எக்ஸ் ஃபேக்டர்' என்று பெயர் வைத்தார். வித்தியாசம் கூடினால் பந்து தூரம் போகும் என்றார். ரப்பரை முறுக்கிவிடுகிற மாதிரி. இருபத்தைந்து வயதுப் பையனுக்குச் சரி. எழுபதைத் தாண்டியவனுக்கு ரப்பர் எங்கே இருக்கிறது?

கீழ்முதுகில் உள்ள ஐந்து எலும்புகளும் குனியவும் நிமிரவும் படைக்கப்பட்டவை. ஐந்தும் சேர்ந்தே பக்கத்துக்கு ஏறக்குறைய 15 பாகைதான் திரும்பும். உடம்பு நன்றாகத் திரும்புகிற இடம் தொடை எலும்பு இடுப்பில் பொருந்துகிற கிண்ணம். அதைப் பூட்டிவிட்டுத் தோளைத் திருப்பச் சொன்னால் சுமை முழுவதும் எங்கே போகும்? 46 கிராம்கூட இல்லாத ஒரு பந்துக்காக இத்தனை பாடு.

இந்தச் சுழற்சியை ஆங்கிலப் புத்தகங்கள் 'பிவட்' என்கின்றன. பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'பிவோ'. நம் பழைய வீட்டுக் கதவுக்குக் கீழே இருக்கிற குடுமிதான் அது. குடுமி குழியில் சுழன்றால்தான் கதவு திறக்கும். குடுமியை இறுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினால் பலகை பிளக்கும்.

குளத்தில் வீச்சுவலை வீசுகிறவரைப் பாருங்கள். இடுப்பை நிறுத்திக்கொண்டா வீசுகிறார்? காலிலிருந்து திரும்பி, குதிகால் எழும்பி, கடைசியில்தான் கை விரிகிறது. அவருக்கு எந்த யூடியூபும் சொல்லித்தரவில்லை. ஜாக் நிக்லாஸும் மட்டையைப் பின்னே தூக்கும்போது இடது குதிகாலை உயர்த்தியவர்தான். 18 பெரிய பட்டங்கள் வென்றார். கடைசியாக 1986இல் மாஸ்டர்ஸ் வென்றபோது வயது 46.

இன்னொரு உபதேசம், "தலையைத் தூக்காதீங்க". பந்து போன பிறகும் குனிந்தே நின்றால் உடம்பு எப்படித் திரும்பும்? ஆனிகா சோரன்ஸ்டாம் மட்டை பந்தில் படும்போதே தலையை இலக்குப் பக்கம் திருப்பிவிடுவார். அவர் தோற்றா போனார்?

வலதுகைக்காரர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பாதங்களின் நுனியையும் கொஞ்சம் வெளியே திருப்பி வையுங்கள். பின்னே போகும்போது இடுப்பும் சேர்ந்து திரும்பட்டும், இடது குதிகால் எழும்பினால் எழும்பட்டும். வரும்போது முதலில் அந்தக் குதிகால் தரையில் அமரவேண்டும், பிறகு இடுப்பு, கை கடைசி. நம்மில் பலர் கையால் அவசரப்பட்டு வெட்டுகிறோம். பந்து வலப்பக்கம் வளைந்து பக்கத்து ஆளிடம் போகிறது. முடிக்கும்போது தொப்புள் இலக்கைப் பார்க்கவேண்டும், வலது காலில் பெருவிரல் நுனி மட்டும் தரையில்.

மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் மட்டையைத் தொடவேண்டாம். மற்றவர்கள் பாதிக் கூடையோடு நிறுத்திக்கொள்ளலாம். மகன் காசு கொடுத்துவிட்டானே என்று மீதியையும் அடித்துத் தீர்க்கவேண்டியதில்லை.