துக்க வீடும் பந்தாட்டமும்



2025ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், சனிக்கிழமை. உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாள் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் அடக்கச் சடங்கு அன்று உரோமையில் நிகழ்ந்தது. அங்கே காலை பத்து மணி. நமக்குப் பிற்பகல் ஒன்றரை மணி. எங்கள் பங்கின் மண்டபத்திலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியின் முன் பாய் விரித்துப் பங்கு மக்கள் அமர்ந்திருந்தனர். எளிய மரப்பேழை ஒன்று புனித பேதுரு பேராலய முற்றத்தில் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு தாய்மார் பலர் கண்ணீர் வடித்தனர்.

சடங்கு முடிந்தது. மக்கள் எழுந்து பாயைச் சுருட்டலாயினர். பெட்டியை அணைக்கச் சென்ற என்னை இளைஞன் ஒருவன் தயங்கித் தயங்கி அணுகினான்.

“சாமி, அணைச்சிடாதீங்க. இன்னிக்கு சாயங்காலம் புவனேசுவரத்துல சூப்பர் கோப்பை கால்பந்து. கேரளா பிளாஸ்டர்சும் மோகன் பகானும் ஆடறாங்க. பசங்க எல்லாரும் பார்க்கலாம்னு இருக்கோம்.”

எனக்குக் கோபம் வந்தது. “இன்று நாடே துக்கம் அனுசரிக்கும் நாள் அல்லவா தம்பி? கொஞ்சமாவது உணர்வு வேண்டாமா?” என்றேன்.

அவன் தலைகுனிந்தவாறே மறுமொழி கூறினான்: “ஆட்டத்தை யாரும் நிறுத்தலையே சாமி. பாப்பரசரும் பந்தாட்டப் பிரியர்தானே? நாங்க பார்க்கறதுல அவருக்கு என்ன வருத்தம்?”

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகவே அதை உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

திருத்தந்தையின் மறைவுக்காக இந்திய அரசு ஏப்ரல் 22, 23 ஆகிய இரு நாட்களும், அடக்க நாளாகிய 26ஆம் தேதியும் துக்கம் அனுசரிக்கப்படும் என அறிவித்தது. அந்நாட்களில் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். அரசு சார்ந்த கேளிக்கை நிகழ்ச்சிகள் நடைபெறா. அவ்வளவே. தனியார் அணிகள் மோதும் ஆட்டங்களை அந்த ஆணை கட்டுப்படுத்தவில்லை. இதற்கிடையே 22ஆம் தேதி காசுமீரத்துப் பகல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பெருந்துயரமும் நேர்ந்தது. மறுநாள் ஐதராபாத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில் வீரர்கள் கறுப்புப் பட்டி அணிந்து மௌனமாக நின்றனர். வாணவேடிக்கையும் நடனமும் தவிர்க்கப்பட்டன. ஆயினும் ஆட்டம் நடந்தது.

இத்தாலியிலோ உயிர்ப்புத் திங்களன்று நடக்கவிருந்த முதல் நிலைக் கால்பந்து ஆட்டங்கள் நான்கும் ஒத்திவைக்கப்பட்டன. அடக்க நாளின் ஆட்டங்களும் வேறு நாட்களுக்கு மாற்றப்பட்டன. ஆனால் திருத்தந்தை இளமை முதல் நேசித்த அர்ஜென்டினா நாட்டுச் சான் லொரென்சோ அணியினர், அதே சனிக்கிழமை அவருக்கு அஞ்சலி செலுத்திவிட்டுக் களத்தில் இறங்கினர். ஒருவருக்காகவே ஓரிடத்தில் ஆட்டம் நின்றது. மற்றோரிடத்தில் ஆட்டமே அஞ்சலியாயிற்று. எது சரி?

இக்கேள்வி புதிதன்று. 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், வெள்ளிக்கிழமை, அமெரிக்க நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடி டல்லாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நாட்டில் கால்பந்து என வழங்குவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டமாகும். ஞாயிறுதோறும் நடக்கும் அந்த ஆட்டங்களை நிறுத்துவதா, நடத்துவதா என்று தேசியக் கால்பந்துக் கழகத்தின் தலைவர் பீட் ரோசெல் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கென்னடியின் பத்திரிகைச் செயலாளரும் தம் கல்லூரி நண்பருமான பியர் சாலிஞ்சரைக் கலந்துகொண்டு, ஆட்டங்கள் நடக்கட்டும் என்றார். கென்னடி விளையாட்டை விரும்பியவர் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. எங்கள் இளைஞன் சொன்னதும் அதுவே அன்றோ!

ஞாயிறன்று ஏழு ஆட்டங்கள் நடந்தன. நியூயார்க் அரங்கில் மட்டும் 60,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். போட்டிக் கழகமாகிய அமெரிக்கக் கால்பந்துக் கழகமோ தன் ஆட்டங்களை ஒத்திவைத்தது. தொலைக்காட்சி நிலையத்தாரும் ஆட்டங்களை ஒளிபரப்பவில்லை. நான்கு நாட்கள் வழக்கமான நிகழ்ச்சிகள் யாவற்றையும் நிறுத்திவிட்டு, துக்கச் செய்திகளையும் இறுதிச் சடங்கையும் மட்டுமே காட்டினர். அரங்கத்தில் ஆட்டம் நடந்தது. வீட்டினுள் அது நுழையவில்லை. அன்று எடுத்த முடிவைக் குறித்துத் தாம் வருந்துவதாகப் பிற்காலத்தில் ரோசெல் ஒப்புக்கொண்டார்.

நம் நாட்டிலும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1984 அக்டோபர் 31ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையார் கொல்லப்பட்டபோது, நம் கிரிக்கெட் அணி பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் ஆடிக் கொண்டிருந்தது. ஆட்டம் பாதியில் நின்றது; சுற்றுப்பயணமும் கைவிடப்பட்டது. அக்காலத்தில் தலைவர்கள் மறைந்தால் வானொலியில் சோக இசை ஒலிக்கும், திரையரங்குகள் மூடப்படும். நமக்காக வேறொருவர் எல்லாவற்றையும் அணைத்து வைத்தார். நாமும் துக்கம் காத்தோம் என எண்ணிக்கொண்டோம்.

இன்று அப்படியில்லை. ஒரு நிலையம் மூடினால் நூறு நிலையங்கள் திறந்திருக்கின்றன. பெட்டியை அணைத்தால் கைப்பேசியில் ஆட்டம் தொடர்கிறது. நமக்காக அணைப்பார் எவருமில்லை. விசை நம் கையிலேயே இருக்கிறது. துக்கம் காப்பதா என்பதை அரசு அன்று, ஒவ்வொரு குடும்பமுமே தீர்மானிக்க வேண்டிய காலம் இது.

இவ்வளவையும் அந்த இளைஞனுக்கு விளக்கிச் சொல்லி வெற்றி காண நினைத்தேன். ஆனால் மண்டப வாயிலில் நின்றிருந்த மூதாட்டி ஒருவர் முந்திக்கொண்டார். அவருடைய கணவர் விருத்தாசலத்துச் செராமிக் கூடமொன்றில் சூளையருகே பல்லாண்டுகள் உழைத்தவர்.

“சாமி, ரோமாபுரியிலே செத்தவருக்காகப் பெட்டியை அணைக்கச் சொல்லுறீங்க. நல்லதுதான். எங்க வீட்டுக்காரரு செத்த ராத்திரி தெருவெல்லாம் வெடி வெடிச்சுதே. அன்னிக்கு ஒருத்தரும் எதையும் அணைக்கலையே!”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். என்னால் வாய் திறக்க இயலவில்லை.

அந்த நாள் மார்ச் 9. தவக்காலத்தின் முதல் ஞாயிறு. துபாயில் இந்திய அணி நியூசிலாந்தை வென்று கிரிக்கெட் கோப்பையைக் கைப்பற்றிய நாள். அம்முதியவர் இறந்த செய்தி அன்றிரவு பங்குமனைக்கு வந்தபோது நானும் அந்த ஆட்டத்தைத்தான் பார்த்துக் கொண்டிருந்தேன். சில ஓவர்களே எஞ்சியிருந்தன. முடிந்ததும் புறப்படலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் அவ்வீட்டை அடைந்தபோது தெருவில் வெடிப்புகை இன்னும் அடங்கவில்லை. பிணத்தின் தலைமாட்டில் அந்தத் தாய் தனித்து அமர்ந்திருந்தார். நாட்டுத் துக்கத்தைப் பற்றி இளைஞனுக்குப் பாடம் சொல்ல முற்பட்ட குருவானவர், தெருத் துக்கத்துக்கு ஓர் ஆட்ட நேரம் தாமதமாகச் சென்றவர் என்பதை இந்தப் பக்கத்தில் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

நம் முன்னோர் கற்றவர் அல்லர். ஆனால் இவ்வறத்தை அறிந்திருந்தனர். தெருவில் ஓர் இறப்பு நேர்ந்தால் பிணம் எடுக்கும்வரை அண்டை வீட்டார் அடுப்பு மூட்டமாட்டார்கள். சாதி, மதம் பாராது திண்ணையில் வந்து அமர்வார்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் அமர்ந்திருப்பார்கள். யோபுவின் நண்பர்களும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தனர் என விவிலியம் கூறுகிறது. அவர்கள் பிழை செய்தது பின்னர் வாய் திறந்தபோதுதான்.

விளையாட்டைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. சான் லொரென்சோ அணியின் பிறப்பே ஒரு குருவானவரால் ஆயிற்று. புவெனஸ் ஐரிஸ் நகரில் தெருவில் பந்தாடிய சிறுவர்கள் வண்டிகளுக்கிடையே ஆபத்துக்கு உள்ளாவதைக் கண்ட சலேசிய சபைக் குரு லொரென்சோ மாசா, கோயில் வளாகத்திலேயே ஆடுங்கள், ஞாயிறு பூசைக்கும் வாருங்கள் என்று அழைத்தார். 1908இல் அவ்வணி உருவாயிற்று. அதன் உறுப்பினராக இறுதிவரை இருந்தார் திருத்தந்தை பிரான்சிஸ்.

ஆனால் அவரைப் பற்றி நம் இளைஞர் அறிய வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. 1990ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், இனித் தொலைக்காட்சி பார்ப்பதில்லை என்று கார்மேல் அன்னைக்கு வாக்களித்ததாக 2015இல் ஒரு பேட்டியில் அவர் கூறினார். தம் அணியின் வெற்றி தோல்விகளை வத்திக்கான் காவலர் ஒருவர் குறித்துத் தருவதைக் கொண்டே அறிந்துகொள்வாராம். பந்தாட்டத்தை வெறுத்ததால் அவர் விடவில்லை, நேசித்துக்கொண்டே விட்டார். வெறுப்பதைத் துறப்பது தியாகம் ஆகாது. பிரியமானதை ஒருவருக்காக ஒதுக்கி வைப்பதே அன்பின் அடையாளம்.

நம் விருத்தாசலத்துத் தொழிலாளருக்கு ஒன்று தெரியும். நெருப்பு அணைந்தவுடன் சூளையைத் திறந்துவிடக்கூடாது. பொறுமையின்றித் திறந்தால் குளிர்காற்று பட்டுப் பாத்திரம் விரிசல் காணும். தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இழப்பு நேர்ந்த இல்லமும் அத்தகையதே. அதன் வாசலில் நாம் எழுப்பும் ஆரவாரம், சூடு தணியாத சூளைக்குள் புகும் குளிர்காற்று.

ஆகவே குடும்பத்தாரே, மூன்று காரியங்களை வேண்டுகிறேன். உங்கள் தெருவில் இறப்பு நேர்ந்தால், அது எம்மதத்தார் வீடாயினும், அடக்கம் முடியும்வரை தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள். எத்தகைய வெற்றியாயினும் அன்று வெடி வேண்டாம். வீட்டுக்கு ஒருவரேனும் சென்று துக்கமுள்ளோருடன் சற்று நேரம் அமர்ந்திருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அழுவோரோடு அழும்படி பவுலடியார் உரோமையர்க்குக் கற்பித்த பாடத்தை அவர்கள் கண்ணால் கண்டு கற்கட்டும்.

அன்று மண்டபத்தில் நான் ஆணை எதுவும் இடவில்லை. இடும் தகுதி எனக்கில்லை என்று உணர்ந்தேன். சற்று நேரம் நின்ற அந்த இளைஞன் தானே பெட்டியை அணைத்தான். “வாங்க ஆயா, வீடு வரைக்கும் நான் வரேன்” என்று மூதாட்டியின் கையைப் பற்றிக்கொண்டான். மற்றவர்களில் இருவர் பின்தொடர்ந்தனர். சிலர் தத்தம் வீடுகளில் ஆட்டம் பார்க்கச் சென்றனர். அவர்களை நான் குறை கூறவில்லை.

மறுநாள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவன் என்னிடம் வந்தான். “சாமி, மோகன் பகான் ஜெயிச்சுடுச்சாம். இரண்டுக்கு ஒண்ணு. காலையிலதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றான். தம் அணியின் முடிவைப் பிறர் வாயிலாகவே அறிந்த ஒருவரை நினைத்துக்கொண்டேன்.

துயருறுவோரைத் தேற்றும் இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.