தொப்பியும் துப்பாக்கியும்

ஹெட்டா காப்ளரை "திமிர் பிடிச்சவள்" எண்டு நாங்கள் லேசாகச் சொல்லிப்போடுறம். இப்சன் 1890இல் எழுதிய இந்த நாடகத்தின் முதலாம் அங்கத்தை ஆறுதலாக வாசித்துப் பாருங்கோ.

தன்னோடு தெருவில் நடக்க ஹெட்டா வெட்கப்படக் கூடாதெண்டு, கணவனை வளர்த்த மாமி புதுத்தொப்பி வாங்கிப் போட்டு வருகிறா. வேலைக்காரி பழைய தொப்பியைக் கதிரையில் போட்டுவிட்டாளெண்டு ஹெட்டா குறை சொல்கிறாள். தெரிஞ்சுதான் சொன்னதாகப் பிறகு அவளே ஒத்துக்கொள்கிறாள். கொடுமைதான்.

ஆனால் மாமி போனபின், தனியே நிற்கும் சொற்ப நேரத்தில் கைகளை உயர்த்தி முஷ்டியை இறுக்குகிறாள். ஒரு வசனமும் இல்லை. அங்கம் முடிகையில் பொழுதுபோக்க அவளுக்கு மிச்சம் தகப்பனின் கைத்துப்பாக்கிகள் மட்டுமே.

அவளை நல்லவளாக்க வேண்டாம். சபையில் பேசியதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதாமல், அந்த முஷ்டியையும் பார்ப்பம்.