கோப்பைப் படிக்காத சட்டத்தரணியும் கேள்வி கேட்காத உதவியாளரும்

ரொறன்ரோவில் அகதிக் கோரிக்கை முன்வைக்கும் ஈழத்தமிழர் ஒருவர் சட்டத்தரணியின் அலுவலகத்துக்குச் செல்லும்போது, அவரது கதையைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுபவர் தமிழ் பேசும் உதவியாளரே. சட்டத்தரணியை அவர் காண்பது கையொப்பமிடும் நாளிலும் விசாரணை நாளிலும் மட்டுமே என்ற நிலை பல அலுவலகங்களில் வழமையாகிவிட்டது. இதனை வெறும் அலுவலக நடைமுறை என்று கூறிக் கடந்து செல்ல முடியாது. ஒரு மனிதர் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்படுவாரா என்பது, சட்டத்தரணியும் உதவியாளரும் தமக்குள் பேசிக்கொள்கிறார்களா என்பதிலும் தங்கியிருக்கிறது.

நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும் கோரிக்கையாளருக்கு வாய்மொழி விசாரணை வேண்டும் என்பதை 1985இல் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் நிலைநாட்டியது. அன்று தொட்டு விசாரணையில் எடைபோடப்படுவது கோரிக்கையாளரின் சொல்லே. 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கோரிக்கை அடிப்படைப் படிவத்தில் எழுதப்பட்டதும், சபை உறுப்பினர் முன் கூறப்படுவதும் அருகருகே வைத்துப் பார்க்கப்படுகின்றன. முரண்பாடு தென்பட்டால் சித்திரவதைத் தழும்புகூட ஐயத்துடனேயே நோக்கப்படும்.

அம்முரண்பாடுகள் எங்கே பிறக்கின்றன? பெரியம்மாவின் மகனை 'அண்ணா' என்று கூறுவது தமிழர் வழக்கு. படிவத்தில் அவர் உடன்பிறந்தவராகப் பதியப்படுகிறார். குடும்ப விபரத்தில் அப்படியொருவர் இல்லை. 'தை மாதம் பிடித்தார்கள்' என்கிறார் கோரிக்கையாளர். யாழ்ப்பாணத்தில் பலருக்குத் தை என்றால் ஜனவரி. பஞ்சாங்கப்படி கணக்கிடுபவருக்கோ அது பெப்ரவரி நடுப்பகுதி வரை நீளும். 'அவங்கள் வந்தவங்கள்' என்ற சொற்றொடரில் வந்தவர்கள் இராணுவத்தினரா, குற்றப்புலனாய்வுப் பிரிவினரா, துணை ஆயுதக் குழுவினரா என்பது அடங்கியிருப்பதில்லை. அச்சத்தில் வாழ்ந்தவர்கள் பெயர் சொல்லிப் பழகாதவர்கள். இவற்றையெல்லாம் அறிந்தவர் உதவியாளர். சட்டத்தில் இவை எங்கே வந்து மோதும் என்பதை அறிந்தவர் சட்டத்தரணி. இருவரது அறிவும் ஒரே மேசையில் சந்திக்காவிட்டால் பாதிக்கப்படுபவர் மூன்றாமவர்.

சட்டத்தரணிகள் சிலர் உதவியாளரைத் தட்டச்சு இயந்திரமாகவே நடத்துகின்றனர். 'இந்தத் திகதி பொருந்தவில்லை' என்று சுட்டிக்காட்டும் உதவியாளர் தொல்லை தருபவராகப் பார்க்கப்படுகிறார். இரண்டொரு தடவை கடிந்து பேசப்பட்டபின் அவரும் வாய்மூடிவிடுகிறார். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் விதிகளோ, உரிமம் பெறாத பணியாளரின் வேலையைச் சட்டத்தரணி நேரடியாக மேற்பார்வை செய்து முழுப் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்கின்றன. விசாரணை அறையின் வாசலில் வைத்துக் கோப்பை முதன்முதலாகப் புரட்டுவது மேற்பார்வை ஆகாது.

உதவியாளர்கள் தரப்பிலும் தவறு உண்டு. தமிழர் என்பதற்காக அதனை மறைக்கத் தேவையில்லை. ஒன்ராறியோவில் சட்டத் துணையாளர்கள் 2007 மே முதல் உரிமம் பெற்றே தொழில் செய்யவேண்டும். உரிமம் பெற்றவர் குடிவரவு அகதிகள் சபையின் முன் தோன்றி வாதாடலாம். மத்திய நீதிமன்றத்தில் முடியாது. உரிமமற்ற அலுவலக உதவியாளர் சட்ட ஆலோசனை வழங்கவே கூடாது. தமிழ்ச் சமூகத்திலோ எல்லோருமே 'லோயரின் ஆள்' தான்! அந்த மயக்கத்தைப் பயன்படுத்தி, 'இப்படிச் சொன்னால்தான் ஏற்பார்கள்' என்று கதைக்கு மெருகூட்டுபவரும், முந்தைய கோப்பிலிருந்து பந்தி பந்தியாகப் பிரதி செய்பவரும் செய்வது உதவியன்று. மெய்யாகவே வதைபட்ட ஒருவரின் சொல்லை அவர்கள் பொய்யாக்குகின்றனர்.

நேரமில்லை என்பதே இதற்கு வழமையான பதில். சட்ட உதவிச் சான்றிதழில் அனுமதிக்கப்படும் மணித்தியாலங்கள் குறைவு என்பதும், 2019இல் ஒன்ராறியோ அரசு சட்ட உதவி நிதியில் கைவைத்தபோது அகதி வழக்குகள் கடுமையாகத் தாக்கப்பட்டன என்பதும் மெய்யே. ஆயினும், தொடக்கத்தில் இரண்டு மணித்தியாலம் மிச்சம் பிடிக்கும் அலுவலகம் பின்னர் கோரிக்கையாளரின் ஆண்டுகளைச் செலவிடுகிறது. அகதி மேன்முறையீட்டுப் பிரிவில் முன்னரே சமர்ப்பித்திருக்கக்கூடிய சான்றைப் புதிதாகக் காட்ட இயலாது. சட்டத்தரணியின் கவனயீனமே காரணம் என வாதிடுவதாயின், அவருக்கு அறிவித்தல் கொடுத்து, அதனால் நேர்ந்த பாதிப்பையும் நிறுவவேண்டும். நாடுகடத்தல் திகதியைக் கையில் வைத்திருப்பவருக்கு அது எவ்வளவு கடினம்!

படிவத்தில் திருத்தம் செய்வதாயின் அது விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் சபையைச் சென்றடைய வேண்டும். ஆகவே அதற்கு முன்பே சட்டத்தரணி, உதவியாளர், கோரிக்கையாளர் மூவரும் ஒன்றாக அமர்ந்து, எழுதப்பட்டதை வரிவரியாகத் தமிழில் வாசித்துப் பார்க்கவேண்டும். உதவியாளர் தயக்கமின்றி இடைமறிக்க வேண்டும். சட்டத்தரணி அதற்குச் செவிகொடுக்க வேண்டும். படிவத்திலுள்ள மொழிபெயர்ப்பாளர் உறுதிமொழி அவ்வாறு வாசித்துக் காட்டியதாகத்தான் கூறுகிறது. வாசிக்காமலே அதில் ஒப்பமிடுவது பொய்யுரையாகும். இத்தகைய அமர்வை மறுக்கும் அலுவலகத்திலிருந்து கோப்பைப் பெற்றுக்கொண்டு வேறொருவரை நாடும் உரிமை கோரிக்கையாளருக்கு உண்டு. சட்ட உதவிச் சான்றிதழில் வந்தவராயின், மாற்றத்துக்கு ஒன்ராறியோ சட்ட உதவி நிறுவனத்தின் அனுமதியை முதலில் கேட்கவேண்டும்.